அக்கரையிலும் ஓர் ஆடிட்டர் வேண்டும்

ஓய்வு பெற்ற பொருளியல் பேராசிரியர் ஒருவர் சிற்றூரில் வாழ்ந்தால், ஊராரின் கண்ணுக்கு அவர் கட்டணம் வாங்காத வரி ஆலோசகர். நான் கல்லூரியில் கற்பித்தது பொது நிதியியல். வரிப் படிவங்களையும் கெடு தேதிகளையும் அல்ல. இந்த வேறுபாட்டைத் திருக்கழுக்குன்றத்தில் எவருக்கும் விளக்கி நான் வெற்றி பெற்றதில்லை. அப்படித்தான் சென்ற ஆண்டு ஒரு சிற்பி, நெகிழிப் பை நிறையக் காகிதங்களோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

மாமல்லபுரம் வட்டாரத்தின் சிற்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1957-இல் அங்கே தொடங்கப்பட்ட சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசுக் கல்லூரியாக வளர்ந்தது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ் என்று தமிழர் கோயில் எழுப்பிய இடமெல்லாம் இங்கிருந்து உளி சென்றிருக்கிறது. என்னிடம் வந்தவர் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் ஒரு கோயில் திருப்பணிக்காக ஒப்பந்த அடிப்படையில் 142 நாள்கள் தங்கி வேலை செய்தவர். பேசிய தொகையில் வரி பிடித்துக்கொண்டு மீதியைக் கோயில் அறங்காவலர்கள் கொடுத்தார்கள். பிடித்த வரிக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். முறையாகத்தான் நடந்திருக்கிறது என்று அவர் நம்பினார்.

செங்கல்பட்டிலுள்ள அவருடைய ஆடிட்டர் நேர்மையானவர். ஆண்டில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்தவர் என்பதால் சிற்பியின் உலக வருமானம் முழுவதற்கும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காட்டினார். இலங்கையில் பிடித்த வரியைக் கழித்துக்கொள்ளப் படிவம் 67-ஐயும் தாக்கல் செய்தார். கழிவு மறுக்கப்பட்டது. ஒரே கூலிக்கு இரண்டு நாடுகளிலும் முழு வரி.

எங்கே பிழை? இந்தியாவும் இலங்கையும் முதன்முதலில் 1982-இல் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. 2013 ஜனவரியில் அதற்குப் பதிலாகப் புதிய உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா செய்துகொண்டுள்ள பெரும்பாலான உடன்படிக்கைகளின் வழக்கம் இது: தனித்தொழில் செய்பவர் வேற்று நாட்டில் நிலையான அலுவலகம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், 183 நாள்களுக்குக் குறைவாகத் தங்கி ஈட்டிய வருமானத்துக்கு அவர் வசிக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம். அப்படியானால் சிற்பியிடம் இலங்கையில் வரி பிடித்திருக்கவே கூடாது. உடன்படிக்கைப்படி செலுத்தத் தேவையில்லாத வரியை வெளிநாட்டில் செலுத்திவிட்டு வந்தால், அந்த மிகுதியைக் கணக்கில் கொள்ள மாட்டோம் என்கிறது இந்திய வருமான வரி விதிகளின் 128-ஆவது விதி. தர்க்கப்படி அது சரிதான். அடுத்த நாட்டின் தவறுக்கு நம் கருவூலம் ஏன் ஈடு கொடுக்க வேண்டும்? அந்தப் பணத்தை இலங்கை இறைவரித் திணைக்களத்திடமிருந்துதான் திரும்பப் பெற வேண்டும். புறப்படும் முன்பே இந்திய வருமான வரித் துறையிடம் வதிவிடச் சான்று பெற்று அங்கே காட்டியிருந்தால் சிக்கல் வராமலே போயிருக்கக்கூடும். இதைச் சிற்பிக்குச் சொல்ல இக்கரையில் ஆள் இல்லை. கோயில் கணக்குப் பார்த்தவருக்குச் சொல்ல அக்கரையிலும் ஆள் இல்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அதே கோயிலின் குடமுழுக்குக்கு நாகசுரம் வாசிக்க இங்கிருந்து ஒருவர் சென்றால் அவருக்கு வேறு நீதி. உடன்படிக்கைகள் 'கலைஞர்' என்று தனியே பிரிப்பது மேடையேறி நிகழ்த்துபவரை மட்டுமே. அவர் ஒரே ஒரு நாள் வாசித்தாலும், வாசித்த நாட்டுக்கு வரி விதிக்கும் உரிமை உண்டு. அரசு நிதியில் நடக்கும் பண்பாட்டுப் பரிமாற்றம் என்றால் பெரும்பாலும் விலக்கும் உண்டு. ஐந்து மாதம் கல் செதுக்கியவர் அந்த வகைக்குள் வருவதில்லை. உடன்படிக்கையின் கண்ணில் அவர் மருத்துவரையும் வழக்கறிஞரையும் போன்ற தனித்தொழிலர். ஒரே பேருந்தில் விமான நிலையம் போகும் இருவருக்கு இரண்டு சட்டக்கூறுகள்.

இந்தச் சிறிய வழக்கை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லை கடந்த வரி விவகாரங்களில் அரசுகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. 2017 முதல் இந்தியா பல நாடுகளோடு வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பரிமாறிக்கொள்கிறது. பெரிய நிறுவனங்களுக்கும் குறை இல்லை. அவற்றுக்கு ஆலோசனை சொல்லும் பன்னாட்டுக் கணக்கியல் நிறுவனங்களுக்கு மும்பையிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் கிளைகள் இருக்கின்றன. ஒரு மின்னஞ்சலில் வேலை முடிந்துவிடும். பேச ஆளில்லாமல் நிற்பவர்கள் செங்கல்பட்டு ஆடிட்டரும், மட்டக்களப்பின் கணக்காளரும், ஈப்போவின் வரி முகவருமே. கடல் கடந்து கூலி வாங்கும் எளிய மனிதர்களின் கோப்புகள் சேருமிடமும் இவர்களின் மேசைதான். ஆகவே அண்டை நாடுகளின் வரித்தொழில் சங்கங்களிடையே ஒத்துழைப்பு வேண்டும் என்று நான் சொல்லும்போது மாநாடுகளை நினைத்துச் சொல்லவில்லை. இந்த மேசைகளை நினைத்துச் சொல்கிறேன்.

மாநாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. தெற்காசியக் கணக்காளர் கூட்டமைப்பு 1984-இல் உருவானது. சார்க் அமைப்பு டாக்காவில் பிறந்தது 1985 டிசம்பரில். ஆட்சியாளர்கள் ஒரு மேசையில் அமர்வதற்கு முன்பே கணக்காளர்கள் அமர்ந்துவிட்டார்கள் என்பதை என் மாணவர்களிடம் பெருமையோடு சொல்வதுண்டு. இந்தியாவில் 1976-இல் நானி பல்கிவாலாவை முதல் தலைவராகக் கொண்டு அகில இந்திய வரித்தொழிலர் கூட்டமைப்பு தோன்றியது. 1992-இல் ஆசிய-ஓசியானிய வரி ஆலோசகர் சங்கம் அமைந்தபின் அதிலும் அது இடம்பெற்றது. ஐரோப்பாவில் இத்தகைய கூட்டமைப்பு 1959-லேயே வந்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இன்று ஒன்று இருக்கிறது. ஓரிரு மாநாடுகளில் பார்வையாளனாக நானும் அமர்ந்திருக்கிறேன். விலைமாற்றக் கணக்கீடு, எண்மப் பொருளாதாரத்துக்கான வரி, உலகக் குறைந்தபட்ச வரி என்று அறிவார்ந்த அமர்வுகள் நடக்கும்; பொன்னாடையும் கேடயமும் தவறாமல் உண்டு. 142 நாள்கள் கல் செதுக்கியவரின் சிக்கல் எந்த அமர்விலும் எழுந்து நான் கேட்டதில்லை.

அரசுகளின் முயற்சியும் பாதி வழியில் நிற்கிறது. 2005 நவம்பரில் டாக்கா உச்சி மாநாட்டின்போது சார்க் நாடுகள் இரட்டை வரி தவிர்ப்புக்கான பலதரப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அதன் பெயரிலேயே 'வரையறுக்கப்பட்ட' என்ற அடைமொழி இருக்கிறது. இந்தியாவில் அது 2011 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தகவல் பரிமாற்றம், வரி வசூலில் உதவி, அதிகாரிகளுக்குப் பயிற்சி ஆகியவை அதில் உள்ளன. உறுப்பு நாட்டில் கற்பிக்கச் செல்லும் பேராசிரியருக்கு இரண்டு ஆண்டு விலக்கு உண்டு. மாணவர்களுக்கும் சலுகை உண்டு. என் இனத்தவரை நினைவில் வைத்திருந்ததற்கு நன்றி. ஆனால் தச்சர், சிற்பி, செவிலியர், சிறு வணிகர் ஆகியோரின் வருமானத்தை இரு நாடுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதைப் பற்றி அதில் ஏதும் இல்லை. 2014 காத்மாண்டுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு கூடவும் இல்லை. இந்திய-இலங்கை உடன்படிக்கையைத் திருத்தும் நெறிமுறை ஒன்று 2024 டிசம்பரில், இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்கவின் தில்லி வருகையின்போது கையெழுத்தானது. உடன்படிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவோரைத் தடுக்கும் சர்வதேசத் தரங்களோடு அதை ஒத்திசைப்பதே நோக்கம். தேவையான திருத்தம்தான். ஆனால் உடன்படிக்கையைத் தவறாகப் பயன்படுத்துபவரைப் பற்றி அரசுகள் கவலைப்படும் அளவுக்கு, அதைப் பயன்படுத்தவே தெரியாதவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

தமிழர்களுக்கு இது புதிய சிக்கலா? இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் இதைவிடக் கடினமான நிலையைச் சந்தித்தார்கள். இலங்கையில் வருமான வரி 1932-இல் வந்தது. மலாயாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அக்கரைக் கடையில் ஏஜெண்டு எழுதிய பேரேடும், ஊரில் முதலாளி பார்த்த ஐந்தொகையும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும். இரண்டு நாட்டு வரி அதிகாரிகளும் தனித்தனியே அவற்றைப் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்களிடம் அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே முறையில் கணக்கெழுதப் பழகிய ஆள்கள் இருந்தார்கள். இன்று சங்கங்கள் செய்ய வேண்டிய வேலையை அன்று ஒரு சமூகம் தன் விலாசத்துக்குள்ளேயே செய்துகொண்டது. அந்த வசதி மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை.

அந்த மரபின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று வரி படித்த அனைவருக்கும் தெரியும். குழந்தகன் செட்டியார் வழக்கு என்பார்கள். ஈப்போவிலிருந்த ரப்பர் தோட்டத்தில் கிடைத்த சுமார் 88,000 ரூபாய் வருமானமும், சொத்தை விற்றதில் வந்த சிறு ஆதாயமும்தான் விவகாரம். மலேசியாவிலுள்ள நிலத்தின் வருமானத்துக்கு அங்கே 'வரி விதிக்கப்படலாம்' என்கிறது உடன்படிக்கை. அந்த 'லாம்' என்ற விகுதிக்குள் இந்தியாவின் உரிமை மிச்சமிருக்கிறதா, இல்லையா? இந்தியச் சட்டமும் உடன்படிக்கையும் முரண்பட்டால் உடன்படிக்கையே மேலோங்கும் என்று கூறி, 2004-இல் வரி செலுத்துபவரின் பக்கம் தீர்ப்பானது. 2008 ஆகஸ்டில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 'வரி விதிக்கப்படலாம்' என்றிருந்தால் அந்த வருமானம் இந்தியக் கணக்கிலும் சேரும், வெளிநாட்டில் செலுத்திய வரிக்குக் கழிவு மட்டும் கிடைக்கும் என்பது அதன் சாரம். இவ்வளவு பெரிய மாற்றம் நான்கே ஆண்டுகளில். ஈப்போவிலோ பினாங்கிலோ தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் பூர்விகச் சொத்துக்கு வரி முகவராக இருப்பவருக்கு இந்த அறிவிக்கையை யார் சொல்லியிருப்பார்கள்?

சட்டம் கிடக்கட்டும், நாட்காட்டியே ஒத்துப்போவதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் ஜூலையில். நேபாளத்தில் அவர்களின் சிராவண மாதத்தில், அதாவது ஜூலை நடுவில். 2020-இல்தான் வருமான வரியை அறிமுகப்படுத்திய மாலத்தீவிலும், மலேசியாவிலும் ஜனவரியில். சொற்களும் பொறி வைக்கின்றன. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்றால் வருமானம் ஈட்டியதற்கு அடுத்த ஆண்டு. இலங்கையில் அதே பெயர் வருமானம் ஈட்டிய ஆண்டையே குறிக்கும். மலேசியாவிலும் அப்படியே, சிங்கப்பூரில் மறுபடியும் அடுத்த ஆண்டு. இலங்கைச் சான்றிதழில் உள்ள ஆண்டை அப்படியே இந்தியப் படிவத்தில் எழுதினால் கழிவு தவறான ஆண்டில் போய் உட்காரும். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட புதிய இந்தியச் சட்டம் 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல்லுக்கு மாறியிருப்பது இந்தக் குழப்பத்தில் பாதியைத் தீர்க்கும். மறுபாதி பழைய கோப்புகளோடு இன்னும் சில ஆண்டுகள் வாழும்.

மொழி ஒன்றாக இருப்பது நமக்குக் கிடைத்த நற்பேறு. அதையும் நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. வரி குறித்த தமிழ் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது நம் தமிழ் அன்று. நாம் வருமான வரித் துறை என்கிறோம். அவர்களுக்கு அது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். நாம் மதிப்புக் கூட்டு வரி என்றதை அவர்கள் பெறுமதி சேர் வரி என்கிறார்கள். நம் சரக்கு மற்றும் சேவை வரி சிங்கப்பூரில் பொருள், சேவை வரி. நம் ஆடிட்டர் அங்கே கணக்காய்வாளர். 'நிறுத்திவைத்தல் வரி' என்று சிற்பியின் சான்றிதழில் இருந்ததைப் படித்து, வரியை நிறுத்திவைத்துவிட்டார்கள், அதாவது வசூலிக்கவில்லை என்று எங்கள் தெருவில் ஒருவர் பொருள் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிடித்தம் என்று நாம் சொல்வதற்கு அங்கே அதுதான் சொல். எனவே சங்கங்கள் கூடி முதலில் செய்ய வேண்டிய வேலை எது என்று என்னைக் கேட்டால், ஒரு சொற்பட்டியல் என்பேன். நாற்பது பக்கம் போதும். அரசின் அனுமதி வேண்டாம், உச்சி மாநாடு வேண்டாம்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். எந்த ஊரில் எந்தக் கணக்காளர் எந்த அண்டை நாட்டின் கோப்புகளைப் பார்க்க முன்வருகிறார் என்ற விவரம். இங்கே இந்தியாவுக்கென்று ஓர் இடர்ப்பாடு உண்டு. ஜப்பானில் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரிக்கணக்காளர் என்பது தனித் தொழில். மலேசியாவில் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 153-ஆவது பிரிவு வரி முகவர்களுக்கு உரிமம் வழங்குகிறது. நம் நாட்டில் பட்டயக் கணக்காளர், வழக்கறிஞர், செலவுக் கணக்காளர், வரித்தொழிலர் எனப் பலரும் வரி அதிகாரி முன் வாதாடலாம்; எல்லாரையும் பதிவு செய்யும் ஒரே அமைப்பு இல்லை. பேச்சுவார்த்தைக்கு மலேசியாவிலிருந்து ஒரு சங்கம் வந்தால் நாம் நான்கு நாற்காலி போட வேண்டும். அந்த நால்வருக்குள் யார் முதலில் அமர்வது என்ற வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும் என்பதை, கல்லூரி ஆட்சிக்குழுக் கூட்டங்களைப் பார்த்த அனுபவத்தில் என்னால் ஊகிக்க முடிகிறது.

ஓர் ஐயத்தையும் மறைக்காமல் எழுப்ப வேண்டும். தொழிற்சங்கம் என்பது முதலில் தன் உறுப்பினரின் நலனுக்கானது. எல்லை தாண்டி ஆலோசகர்கள் கைகோத்தபோது உலகம் கண்டது எப்போதும் நல்லதல்ல. 2016-இல் வெளியான பனாமா ஆவணங்கள் காட்டியதும் ஒருவகைத் தொழில்முறை ஒத்துழைப்புத்தான். வரியைக் குறைத்துக்கொள்ளும் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் மன்றமாக இது மாறிவிடாது என்று யார் உறுதி சொல்வது? உறுதி சொல்ல முடியாது. ஆனால் செல்வந்தருக்கான அத்தகைய ஒத்துழைப்பு ஏற்கெனவே, மூடிய கதவுகளுக்குள், நன்றாகவே நடக்கிறது. நான் கேட்பது எவரும் படிக்கும்படி அச்சிட்டு வெளியிடக்கூடிய ஒத்துழைப்பு. அதற்கு முன்மாதிரியும் உண்டு. பிரிட்டனின் பட்டய வரியியல் நிறுவனம் 1998-இல் குறைந்த வருவாயினருக்கென்றே வரிச் சீர்திருத்தக் குழு ஒன்றைத் தொடங்கியது. ஆலோசகருக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்து உழைப்பவர்கள் உட்பட, எளிய மொழியில் வழிகாட்டிகளை அது எழுதுகிறது. அரசிடம் அவர்களுக்காக வாதாடவும் செய்கிறது. நம் நாட்டிலும் 2006-இல் மத்திய அரசு வரி விவரத் தயாரிப்பாளர் என்ற பெயரில் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து சிறு வரிதாரர்களுக்கு உதவ அனுப்பியது. நல்ல எண்ணம், ஆனால் கடல் கடந்த வருமானம் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் இல்லை.

சிற்பியின் கதைக்குத் திரும்புகிறேன். கொழும்பில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் வழியாக மட்டக்களப்பில் ஒரு கணக்காளர் கிடைத்தார். இது முழுக்கவும் தற்செயல். அந்த மாணவர் என் வகுப்பில் சேராமல் வேறு பாடம் எடுத்திருந்தால் சிற்பியின் பணம் போனதுதான். கணக்காளர் தமிழில் எழுதிய கடிதத்தை நானும் செங்கல்பட்டு ஆடிட்டரும் சேர்ந்து இருமுறை படித்தோம், ஒருமுறை சொற்களுக்காக, மறுமுறை சட்டத்துக்காக. இந்திய வதிவிடச் சான்று, கடவுச்சீட்டில் வருகைப் பதிவுகள், ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றைக் கேட்டிருந்தார். அனுப்பியிருக்கிறோம். விண்ணப்பம் அங்கே நிலுவையில் இருக்கிறது.

இதற்கிடையில் சிற்பிக்குப் பினாங்கிலிருந்து ஒரு திருப்பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. வேலை நான்கு மாதம். "ஐயா, கார்த்திகையிலேயே கிளம்பட்டுமா, தை பிறந்து போகட்டுமா?" என்று கேட்டார். கார்த்திகையில் போனால் அந்த நான்கு மாதம் இந்தியாவுக்கு ஒரே ஆண்டு, மலேசியாவுக்கு இரண்டு ஆண்டு. தையில் போனால் மலேசியாவுக்கு ஒரே ஆண்டு, இந்தியாவுக்கு இரண்டாகலாம். எது நல்லது என்று செங்கல்பட்டுக்குப் போன் செய்தேன். ஆடிட்டர் சற்று யோசித்துவிட்டு, பினாங்கில் உங்கள் மாணவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார்.